தறிக்கு நடுவே மார்கழி: பள்ளிபாளையத்துப் போதகரின் பனிக்காலம்

தமிழ் இலக்கண மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, மார்கழியையும் தையையும் முன்பனிக்கும், மாசியையும் பங்குனியையும் பின்பனிக்கும் ஒதுக்கியிருக்கிறது. கிறிஸ்தவத் திருச்சபையின் ஆண்டோ கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிற்றுக்கிழமையில், அதாவது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடைப்பட்ட ஒரு நாளில், திருவருகைக் காலம் எனப்படும் ஆயத்த நாட்களோடு தொடங்குகிறது. இவ்விரு கணக்குகளும் ஒன்றின்மேல் ஒன்று படியும் ஏறத்தாழ மூன்று மாதங்களே சிற்றூர்ப் போதகர் ஒருவருக்குப் பனிக்காலம். நாமக்கல் மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், காவிரியின் கிழக்குக் கரையில், ஈரோட்டை எதிரே பார்த்தபடி இருக்கும் பள்ளிபாளையத்தில் இக்காலத்துக்கு மூன்றாவது கணக்கு ஒன்றும் உண்டு; அது விசைத்தறியின் கணக்கு. போதகரின் நாளை உண்மையில் வகுத்துக் கொடுப்பது இந்த மூன்றாவது கணக்குதான் என்பதும், திருச்சபை அச்சிட்டுத் தரும் ஆண்டு அட்டவணை அதற்கு அடுத்த இடத்தில்தான் நிற்கிறது என்பதும் இங்கே சொல்ல வருகிற செய்தி.

குளிர்காலத்துப் போதகர் என்றவுடன் நினைவுக்கு வரும் சித்திரம் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தது. வேல்ஸ் எல்லைப்புறத்துக் கிளைரோ என்ற சிற்றூரில் உதவிக் குருவாக இருந்த பிரான்சிஸ் கில்வர்ட், 1870 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்ச் சேர்வதற்குள் தம் தாடியும் மீசையும் உறைந்து வாயைத் திறக்கவே சிரமப்பட்டதையும், ஞானஸ்நானத் தொட்டியில் உறைந்திருந்த பனிக்கட்டியை உடைத்து, அது மிதந்துகொண்டிருந்த நீரிலேயே ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதையும் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பள்ளிபாளையத்தில் மார்கழி விடியலின் வெப்பநிலை இருபது டிகிரியை ஒட்டி நிற்கும். மப்ளர் சுற்றிய முதியவர்களும், ஆற்றின்மேல் எட்டு மணிவரை கலையாத மூடுபனியும், அப்பனியில் மேலெழ வழியின்றித் தாழ்ந்து தங்கும் காகித ஆலையின் வாடையும்தான் இங்கே குளிரின் அடையாளங்கள். ஆகவே இவ்வூர்ப் போதகருக்குக் குளிர் ஒரு தடையே இல்லை. சத்தமும் நேரமின்மையும் கடனுமே தடைகள்.

ஊரின் இயல்பைச் சற்று விளக்கிவிடுவது நல்லது. 1960இல் நிறுவப்பட்ட சேஷசாயி காகித ஆலையும் அதன் குடியிருப்பான எஸ்.பி.பி. காலனியும், காவிரி ஆர்.எஸ். என்று வழங்கும் ரயில் நிலையமும், ஓடப்பள்ளிச் சர்க்கரை ஆலையும், சாயப்பட்டறைகளும் இருந்தாலும், தெருவுக்குத் தெரு கேட்பது விசைத்தறியின் ஓசையே. லுங்கி, துண்டு, ரயான் துணி ஆகியவை நெய்யப்படும் இக்கூடங்கள் பெரும்பாலும் வீட்டோடு ஒட்டியவை. சில தறிகளே உள்ள சிறு முதலாளிகளும், சொந்தத் தறியே இல்லாத தொழிலாளர்களும் ஒரே தெருவில் வாழ்கிறார்கள். ஆண்கள் தறி ஓட்ட, பெண்கள் தார் சுற்ற, அதாவது நாடாவுக்குள் வைக்கும் சிறு குழலில் ஊடை நூலை ஏற்ற, குடும்பம் முழுவதுமே அக்கூலியில் அடங்கிவிடுகிறது. பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று மாறி மாறி வரும் பன்னிரண்டு மணி நேர வேலையில், ஒரு வீட்டின் கணவனும் மனைவியும் விழித்திருக்கும்போது ஒருவரையொருவர் பார்ப்பதே அரிது என்ற நிலையில், அவ்வீட்டைச் சந்திக்கப் போதகர் எந்த நேரத்தில் போவது என்பது எளிதில் விடை கிடைக்கிற கேள்வி இல்லை.

போதகர் என்ற பொதுச்சொல்லுக்குள் இவ்வூரில் குறைந்தது மூன்று வகையினர் அடங்குவர். தென்னிந்தியத் திருச்சபை என்னும் சி.எஸ்.ஐ.யில் முறைப்படி இறையியல் பயின்று, பேராயரால் குருப்பட்டம் பெற்று, ஒரு சேகரத்துக்கு நியமிக்கப்படுகிறவர் ஆயர். சேகரம் என்பது ஒரு தாய் ஆலயமும் அதைச் சார்ந்த கிளைச் சபைகளும் சேர்ந்த நிர்வாக அலகு. கத்தோலிக்கரிடையே அதற்கு நிகரானது பங்கு. அதன் பொறுப்பாளர் பங்குத்தந்தை, திருமணம் செய்துகொள்ளாதவர். இவர்களுக்கு வெளியே, பெந்தெகொஸ்தே மரபிலோ தனிச் சபையாகவோ, பெரும்பாலும் வாடகைக் கூடத்திலோ தகரக் கொட்டகையிலோ ஆராதனை நடத்தி, சபையாரின் தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகத் தரப்படும் காணிக்கையை நம்பி வாழ்கிறவரைத்தான் மக்கள் பாஸ்டர் என்கிறார்கள். முதல் வகையினருக்குத் திருமண்டல, அதாவது பேராயரின் ஆளுகைப் பகுதியின், அலுவலகத்திலிருந்து மாதச் சம்பளம் உண்டு; மூன்றாம் வகையினருக்குத் தறி ஓடினால்தான் சம்பளம். எந்த வகையினரானாலும் தெருவில் கிடைக்கும் அழைப்பு ‘பாஸ்டரய்யா’ என்பதாகவே இன்று நிலைத்துவிட்டது. பங்குத்தந்தை ஒருவரே ‘ஃபாதர்’ என்று தனித்து நிற்கிறார்.

இப்பகுதியில் கிறிஸ்தவம் வந்த வழியும் பலவாறானது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மதுரை மிஷனின் ராபர்ட் தெ நொபிலி சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்து சென்றிருக்கிறார். லண்டன் மிஷன் 1827இல் சேலத்திலும் அடுத்த சில ஆண்டுகளில் கோயம்புத்தூரிலும் பணி தொடங்கியது. அந்தச் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 செப்டம்பர் 27இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையிலும் கலந்தன. 1950இல் அமைந்த கோயம்புத்தூர்த் திருமண்டலத்தின் முதல் பேராயர் அ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி நூல் எழுதியவர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கத்தோலிக்க நிர்வாகத்தில் ஆற்றுக்கு மேற்கே ஈரோடு கோவை மறைமாவட்டத்திலும், கிழக்கே நாமக்கல் மாவட்டம் 1930இல் தோன்றிய சேலம் மறைமாவட்டத்திலும் இருக்க, சி.எஸ்.ஐ.க்கு இரு கரையும் ஒரே திருமண்டலம். எனவே பாலத்தைக் கடந்தால் பங்குத்தந்தைக்கு மேலுள்ள மறைமாவட்டத் தலைவர் மாறுவார், சி.எஸ்.ஐ. குருவுக்குப் பேராயர் மாறமாட்டார்.

போதகரின் மார்கழி நாள், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவையும் திருவெம்பாவையும் கேட்கும் அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கிவிடும். காலை ஆறு மணியை ஒட்டி இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் தேநீர்க் கடையில் நிற்பார்கள். அனுபவமுள்ள போதகர் வீட்டுக் கதவைத் தட்டுவதைவிட அந்தக் கடையில் போய் நிற்பதையே மேலென்று கருதுவார். வீடு சந்திப்பு எனப்படும் பணி, அதாவது சபையார் ஒவ்வொருவர் வீட்டுக்கும் சென்று நலம் கேட்டு வேதம் வாசித்து ஜெபித்து வருவது, மற்ற ஊர்களில் மாலை வேலையாக இருக்க, இங்கே மூன்று துண்டுகளாக உடைந்து போகிறது: விடியலில் இரவு ஷிப்டுக்காரர்கள், பதினொரு மணிக்குமேல் முதியவர்களும் நோயாளிகளும், இரவு எட்டு மணிக்குப் பிறகு பகல் ஷிப்டுக்காரர்கள். இடைப்பட்ட நேரத்தில் தறிக்கூடத்துக்கே போனால்தான் ஆளைப் பார்க்க முடியும்.

தறிக்கூடத்துக்குள் நடக்கும் ஜெபம் தனித்துப் பார்க்கத் தக்கது. தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரின் பேச்சும் காதில் விழாது. ஆகையால் உள்ளே எல்லாரும் உதட்டைப் பார்த்தும் கையசைவைக் கொண்டும் பேசப் பழகியிருப்பார்கள். இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளிலும் 19ஆம் நூற்றாண்டில் இதே பழக்கம் வளர்ந்து, அது ஒரு தனிப் பேச்சுமுறையாகவே பெயர் பெற்றது. “பாஸ்டரய்யா, தறிய நிறுத்தோணுங்களா, இப்படியே ஜெபம் பண்றீங்களா?” என்று தொழிலாளர் கேட்பது மரியாதைக்காக, நிறுத்தினால் மீட்டர் குறையும், மீட்டர் குறைந்தால் கூலி குறையும் என்பது இருவருக்கும் தெரியும். ஓடட்டும் என்று போதகர் கை காட்டிவிட்டுத் தலைமேல் கை வைத்து உதடுகளை அசைக்க, தொழிலாளர் ஒரு கண்ணை மூடியும் ஒரு கண்ணைப் பாவின்மேல் வைத்தும் நிற்பார். நடுவே இழை அறுந்தால், ஜெபத்தை விட்டு விரல்கள் தாமாகவே போய் முடிச்சுப் போட்டுத் திரும்பும். கூடத்தைவிட்டு வெளியே வரும் போதகரின் புருவத்திலும் சட்டைத் தோளிலும் வெள்ளைப் பஞ்சுத்தூசி படிந்திருக்கும். பள்ளிபாளையத்தில் பனி பொழிந்ததற்கு நெருங்கிய காட்சி இதுவே எனலாம்.

இச்சந்திப்புகளில் பேசப்படும் பொருள் பெரும்பாலும் ஆன்மிகமாக இருப்பதில்லை. விசைத்தறித் தொழிலின் உறவுமுறையைப் புரிந்துகொள்ள ‘பாக்கி’ என்ற ஏற்பாட்டை அறிவது இன்றியமையாதது. வேலைக்குச் சேரும்போது முதலாளியிடம் தொழிலாளி பெறும் முன்பணமே பாக்கி. வாரக் கூலியில் அது பெரும்பாலும் பிடிக்கப்படுவதில்லை, ஆனால் அதைத் தீர்க்காமல் கூடத்தைவிட்டு விலகவும் முடிவதில்லை, விலக வேண்டுமானால் புதிய முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும். 1990களில் அருகிலுள்ள குமாரபாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் கீர்ட் டி நெவ், பாக்கியை வெறும் கொத்தடிமைச் சங்கிலியாக மட்டும் பார்ப்பது போதாது என்றும், தொழிலாளர்கள் அதைக் கேட்டு வாங்கி, கூட்டிக் கேட்டு, சில வேளைகளில் கட்டாமலே ஓடி, தம் பேரத்துக்கும் பயன்படுத்துகிறார்கள் என்றும் எழுதினார். அக்கருத்தில் உண்மை உண்டு. ஆயினும் பாக்கியோடு வாரத் தவணைக் குழுக்கடனும் மருத்துவச் செலவும் சேர்ந்தபின் பேரத்துக்கு எவ்வளவு இடம் எஞ்சுகிறது என்பது ஐயத்துக்குரியது. இவ்வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற செய்தி 2025இல் மாநிலமெங்கும் பேசப்பட்டதை நினைத்துப் பார்த்தால் அந்த ஐயம் வலுக்கிறது.

டிசம்பர் மாதம் இக்கடன்களின்மேல் இன்னொரு சுமையை ஏற்றுகிறது. புத்தாடை, பலகாரம், பிரியாணி, ஊரிலிருந்து வரும் உறவினர் என்று கிறிஸ்துமஸ் கேட்கும் செலவுக்கு, தீபாவளி போனஸ் ஏற்கெனவே கரைந்துபோன நிலையில், பாக்கியைக் கூட்டிக் கேட்பதே வழி. முதலாளியிடம் தனக்காக ஒரு வார்த்தை சொல்லும்படி போதகரை நாடும் வழக்கமும் உண்டு. சொன்னால் போதகர் அக்கடனுக்கு மறைமுகச் சாட்சியாகிவிடுகிறார். சொல்லாவிட்டால் மேய்ப்பர் என்ற பெயருக்குப் பொருளில்லை என்கிறார்கள். வருகைக் கால ஞாயிறுகளில் எளிமையைப் பற்றிப் பிரசங்கிக்கும் ஒருவர் திங்கட்கிழமை புதுத்துணிக்காக முன்பணம் கேட்டுத் தர வேண்டியிருப்பதை முரண் என்று சுட்டுவது எளிது. பிள்ளைகளுக்கு ஆண்டில் ஒருமுறை மட்டுமே புத்தாடை எடுக்கும் வீட்டில் எளிமையை யாரிடம் போதிப்பது என்பதுதான் அதைவிடக் கடினமான கேள்வி.

திருவருகைக் காலத்தின் வெளிப்படையான அடையாளம் கீத பவனி. கேரல் ரவுண்ட்ஸ் என்றே எல்லாரும் சொல்லும் இது, வாலிபர் சங்கத்தாரும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் போதகரோடு சேர்ந்து, டிசம்பரின் இரண்டாம் வாரத்திலிருந்து இரவுதோறும் சபையார் வீடுகளுக்குப் போய்ப் பாடி ஜெபித்து வருவது. சிறு சரக்கு வண்டி ஒன்றில் ஜெனரேட்டரும் கீபோர்டும், ஒருவர் கையில் காகித நட்சத்திரம், ஒருவருக்குப் பஞ்சுத்தாடி ஒட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா வேடம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கீர்த்தனை, ஒரு துள்ளல் பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம், பிறகு உறையில் வைத்த காணிக்கைக்கு ரசீது. எந்த வீட்டில் சுக்குக் காபி, எந்த வீட்டில் போண்டா, எந்த வீட்டில் வெறும் தண்ணீர் என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம். எவ்வீட்டையும் விட்டுவிடாமல் இருப்பது போதகரின் கவலை. ஏனெனில் கேரல் வராத வீடு அதை அடுத்த டிசம்பர்வரை மறப்பதில்லை. ஏழைத் தெருவில் நேரம் குறைந்தது, முதலாளி வீட்டில் நேரம் கூடியது என்ற கணக்கும் தவறாமல் வைக்கப்படும்.

தறித்தெருவில் கேரல் நுழையும்போது நடப்பது வேறெங்கும் காணக் கிடைக்காதது. பாட்டு தொடங்கினாலும் தறி ஓசையில் அது கரைந்துபோகும் என்பதால், வேறு சமயத்தவரான கூட முதலாளியே பல இடங்களில் சுவிட்சை அணைத்து ஒரு பாட்டுக்கு இடம் கொடுப்பார். ஒரு கூடம் நின்றதும் பக்கத்துக் கூடத்தின் ஓசை பெரிதாகக் கேட்கும். அதுவும் நின்றால் அடுத்த தெருவினுடையது கேட்கும். முற்றான அமைதி இங்கே கிடைக்காது, ஓசை தள்ளிப்போவது மட்டுமே கிடைக்கும். லுங்கி மடித்துக் கட்டிய தொழிலாளர்கள் கைகளைத் துடைத்தபடி வாசலில் வந்து நிற்க, போதகர் பிரசங்கத்தை மூன்று நிமிடத்தில் முடித்தால் அடுத்த ஆண்டும் சுவிட்ச் அணைக்கப்படும், பத்து நிமிடத்துக்கு இழுத்தால் அணைக்கப்படாது. சுருக்கிப் பேசும் கலையைப் பள்ளிபாளையத்துப் போதகருக்கு இறையியல் கல்லூரியைவிடத் தறி முதலாளிகளே நன்றாகக் கற்பித்திருக்கிறார்கள்.

இரவில் தெருத்தெருவாகப் பாடிச் செல்லும் இவ்வழக்கத்தை மேற்கத்திய இறக்குமதி என்று மட்டும் சொல்லிவிடுவது சரியாகாது. மார்கழி விடியலில் பஜனை பாடிச் செல்லும் கோஷ்டிகள் தமிழ்த் தெருக்களில் பழையவை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலியோர் இயற்றிய கீர்த்தனைகள் கர்நாடக இசையின் ராக தாளங்களிலேயே பாடப்பட்டு வந்தன. எதிர்க்கரையான ஈரோட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணியாற்றிய லண்டன் மிஷன் ஊழியர் எச். ஏ. பாப்ளி இதைக் கூர்ந்து கண்டவர். வெறும் பிரசங்கத்துக்குக் கூடாத கூட்டம் பாட்டோடு கூடிய கதாகாலட்சேபத்துக்குக் கூடும் என்று உணர்ந்து, இந்திய இசையைத் தாமே கற்று, அதைப் பற்றி 1921இல் நூல் வெளியிட்டு, 1931இல் திருக்குறளின் தேர்ந்த பகுதிகளையும் ஆங்கிலத்தில் தந்தார். இன்று கேரல் வண்டியில் கீபோர்டின் தயார்த் தாளங்களே ஒலிக்கின்றன என்பது அவருக்கு வருத்தம் தந்திருக்கலாம். ஆயினும் முதியோர் வீடுகளில் பிள்ளைகள் இன்னும் கீர்த்தனைக்குத்தான் அழைக்கப்படுகிறார்கள்.

சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை பொதுவிடத்தில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. பகல் ஷிப்டுக்காரர் வீடு திரும்பிக் குளித்துச் சாப்பிட்டு உட்காரும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடும் ஊரில், கேரலின் பாதி பத்து மணிக்குப் பிறகே நடக்க வேண்டியிருப்பதால், ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுக் கஞ்சிராவோடு பாடுவது வழக்கமாகியிருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக் கோயில் பாட்டும், அதே நேரத்துக் கிறிஸ்துமஸ் ஆராதனையும் இவ்விதியை அவரவர் பங்குக்கு வளைத்துக்கொள்வதில் காட்டும் ஒற்றுமை, மத நல்லிணக்கத்துக்கு அதிகம் பேசப்படாத ஓர் எடுத்துக்காட்டு.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்குக் கிறிஸ்துமஸைவிடவும் கூட்டம் கூடும். விழிப்பு ஆராதனை என்னும் இம்மரபு, மொராவியச் சபையார் 1733இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் சிற்றூரில் தொடங்கி, பின் ஜான் வெஸ்லியின் வழியே மெதடிஸ்துகளிடம் பரவியது. ஆண்டுத் தொடக்கத்தில் விசுவாசிகள் தம்மைப் புதிதாக ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை ஆராதனையையும் வெஸ்லி 1755இல் நடத்தினார். தமிழ்நாட்டில் இவற்றோடு வாக்குத்தத்த அட்டை சேர்ந்துகொண்டது. புதிய ஆண்டுக்கென ஒரு வேத வசனம் அச்சிட்ட அட்டையை நள்ளிரவு கடந்ததும் ஒவ்வொருவரும் வரிசையில் வந்து எடுத்துக்கொள்வார்கள். அதையே அவ்வாண்டு முழுவதற்கும் கடவுள் தமக்கெனத் தந்த வாக்காகக் கொண்டு சுவரில் ஒட்டிவைப்பார்கள். இது சீட்டுப் பார்ப்பதற்கு ஒப்பாகிவிடுகிறது என்று இறையியல் அறிந்த குருமார் முணுமுணுப்பதுண்டு. முணுமுணுத்தாலும் டிசம்பர் தொடக்கத்திலேயே அட்டைக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள், ஏனெனில் அட்டை கிடைக்காத சபையிலிருந்து மக்கள் கிடைக்கும் சபைக்குப் போய்விடுவார்கள்.

அன்றிரவு இரவு ஷிப்டில் இருப்பவர்களுக்கு என்ன செய்வது என்பது பள்ளிபாளையத்துக்கே உரிய சிக்கல். சிலர் ஷிப்டை மாற்றிக்கொள்வர். மாற்ற முடியாதவர்களின் அட்டைகளை வீட்டார் எடுத்துவர, ‘இது என் பெயரில் எடுத்ததா, உன் பெயரில் எடுத்ததா’ என்று புத்தாண்டு விடியலில் சிறு வழக்கு எழும். போதகரோ நள்ளிரவு ஆராதனையை முடித்து இரண்டு மணிக்குப் படுத்து, காலை ஆராதனைக்கு மீண்டும் எழுந்திருப்பார். டிசம்பர் 24 முதல் ஜனவரி முதல் ஞாயிறுவரை, கிளைச் சபைகளையும் சேர்த்து அவர் பேச வேண்டிய பிரசங்கங்களின் அடுக்கில் தொண்டை கட்டிக்கொள்வது ஆண்டுதோறும் நடப்பது. உப்பு நீரும் மிளகுப் பாலும் அவருடைய பனிக்கால உபகரணங்களில் அடங்கும். போதகரின் மனைவிக்கு இவ்வாரங்களில் எத்தனை பேருக்குச் சமையல், எத்தனை நாடகங்களுக்குத் தேவதை உடை என்பதை எந்தத் திருமண்டல அறிக்கையும் பதிவதில்லை. சம்பளமில்லாத இரண்டாவது போதகர் அவர் என்பதே உண்மை.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் தறிகளின் பனிக்காலம் உச்சத்துக்கு வருகிறது. பொங்கலுக்கு ரேஷன் அட்டைதாரர்களுக்கு வேட்டி சேலை வழங்க எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1983இல் தொடங்கிய திட்டத்துக்கான துணியில் பெரும்பங்கு ஈரோடு, திருச்செங்கோடு வட்டாரக் கூட்டுறவுச் சங்கங்களின் விசைத்தறிகளில் நெய்யப்படுகிறது. நூல் தாமதமாக வரும் ஆண்டுகளில் டிசம்பரும் ஜனவரியும் ஓய்வில்லாமல் ஓடும். ஓய்வு இல்லாவிட்டால் ஞாயிறு ஆராதனையில் ஆண்கள் பக்கத்து இருக்கைகள் வெறிச்சோடும், ஆனால் காணிக்கைத் தட்டு சற்றுக் கனக்கும். ஆர்டர் இல்லாவிட்டால் இருக்கைகள் நிரம்பித் தட்டு இலேசாகும். தனிச் சபைப் பாஸ்டருக்கு இத்தலைகீழ் விகிதம் வீட்டு வாடகையாகவே தெரியவரும்.

தை பிறந்தால் கல்யாணங்கள். மார்கழியில் மணவினை செய்யாத தமிழ் வழக்கமும், திருவருகைக் காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலமான லெந்திலும் திருமணத்தைத் தவிர்க்கும் திருச்சபை வழக்கமும் தற்செயலாகப் பொருந்திவிட, ஜனவரி நடுவிலிருந்து சாம்பற் புதன்வரை உள்ள இடைவெளியில் சேகரத்தின் திருமணங்கள் நெருக்கியடிக்கும். அந்த இடைவெளி ஆண்டுக்காண்டு நீளும், குறுகும்: சாம்பற் புதன் 2024இல் பிப்ரவரி 14 அன்றே வந்துவிட்டது, 2025இல் மார்ச் 5வரை தள்ளிப்போனது. திருமண அறிவிப்பாகிய ‘ஓலை’யை மூன்று ஞாயிறுகள் சபையில் வாசிப்பது, மணமக்களின் வயதுச் சான்றையும் ஞானஸ்நானச் சான்றையும் சரிபார்ப்பது, 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பதிவேட்டில் சாட்சிகளோடு கையொப்பம் வாங்குவது, தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் அரசுப் பதிவும் நடக்கச் செய்வது என்று போதகர் இக்காலத்தில் பாதி எழுத்தராகிவிடுகிறார்.

ஞானஸ்நானச் சான்று என்ற அந்த ஒரு தாளில்தான் இவ்வூர்ச் சபைகளின் மிகக் கூச்சமான கேள்வி அடங்கியிருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை முதலில் இந்துக்களுக்கு மட்டுமே தந்தது. அத்தகுதி 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது. கிறிஸ்தவராக மாறிய தலித்துகளுக்கு இன்றுவரை இல்லை, தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார்கள். ஆகவே ஆண்டுக்கணக்காகச் சபைக்கு வந்தும் பதிவேட்டில் பெயர் சேராதவர்கள் உண்டு. கல்யாணம் என்று வரும்போது பெயர் வேண்டும், பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை என்று வரும்போது பெயர் கூடாது. சட்டம் உண்டாக்கிய இந்த இக்கட்டைத் தனி மனிதரின் விசுவாசக் குறைவாகப் பிரசங்க மேடையிலிருந்து கண்டிக்கும் போதகர்கள் இருக்கிறார்கள். அது நேர்மையான செயலாகத் தோன்றவில்லை.

பனிக்காலத்தில் சாவும் கூடும். ஆண்டுக்கணக்காகப் பஞ்சுத்தூசியை உள்ளிழுத்த நுரையீரல்கள் மார்கழிப் பனியில் இழுக்கத் தொடங்கும்; பெருந்துறையில் முன்பு காசநோய்க்கெனவே ஒரு மருத்துவமனை இருந்ததை மூத்தவர்கள் நினைவுகூர்வார்கள். கேரல் பட்டியலில் இருந்த வீட்டுக்கே இரண்டு நாள் கழித்து அடக்க ஆராதனைக்குப் போக வேண்டிவரும். இதே மாவட்டத்துக் கொல்லிமலையில், உண்மையான குளிருக்கும் காய்ச்சலுக்கும் நடுவே ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட் 1929இல் கடும் மலேரியாவில் மாண்டதும், அவருடைய மனைவி ஈவ்லின் பிராண்ட் மலைகளை விட்டு இறங்க மறுத்து 1974 டிசம்பரில் தம் 95ஆம் வயதில் மறைந்ததும் நூல்களில் இடம்பெற்ற வரலாறு. சமவெளித் தறிக்கூடத்தின் பக்கத்து வீட்டில், இருமிக்கொண்டிருக்கும் ஒருவரின் அருகே இரவு பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருக்கும் போதகருக்கு வரலாறு எழுதுவார் இல்லை.

பொங்கலுக்கு நிறுத்திய தறிகள் மீண்டும் ஓடத் தொடங்கும்போது, சிலருடைய பாக்கி கைமாறியிருக்கும். புதிய முதலாளி பழைய கணக்கைத் தீர்த்து ஆளை எடுத்துக்கொண்டதால் குடும்பம் வெப்படைக்கோ குமாரபாளையத்துக்கோ சட்டி பானையோடு போயிருக்கும். ஆண்டறிக்கைக்காகச் சபையின் குடும்பப் பதிவேட்டைத் திருத்தும் வேலையும் இதே வாரங்களில்தான் வருகிறது. கேரலுக்குப் போன வீடுகளில் பூட்டுத் தொங்குவதைக் கண்டு, அக்கம்பக்கத்தில் விசாரித்து, புதிய தெருவின் பெயரையும் தறிக்காரர் பெயரையும் பென்சிலால் எழுதிக்கொள்வார் போதகர். பேனாவால் எழுதினால் ஆடி மாதத்துக்குள் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். லெந்துக் கால வீட்டுக் கூட்டங்களுக்கான அட்டவணையை அந்தப் பென்சில் குறிப்புகளை வைத்துத்தான், எந்த வாரம் யாருக்கு எந்த ஷிப்ட் என்று கேட்டுக் கேட்டு, அவர் போட வேண்டும்.